ரெண்டு பூட்டு... ஒரே நாதாங்கி!

'திண்டுக்கல்'னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நூத்துக்குத் தொண்ணூறு பேர் பிரியாணின்னு சொல்வீங்க. மிச்சம் பத்துப் பேர் பூட்டுன்னு சொல்வீங்க. 'கடல்'னு யாராவது சொல்வீங்களா? சான்ஸே இல்ல! இங்கேயிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் உப்புக்காத்து மேல படணும்னா நூறு கிலோமீட்டருக்கு மேல போகணும்.

ஆனா பாஸ், கடலுக்கு அடியில கிடக்கிற கேபிளைப் பத்தி எனக்குப் பாடம் எடுத்தது இந்த ஊர்தான். அந்தப் பாடத்தை உங்களுக்கும் சொல்லிடறேன். கொஞ்சம் வெயில் அடிக்கும், நடுவுல ரெண்டு டீ உண்டு. பைக்ல பின்னாடி ஏறிக்குங்க!

புதன்கிழமை நாலரை மணி

முதல்ல ஒரு சோகக் கதை. நாங்க நாலு பேர், ஒரு புராஜெக்ட். ஜெனீவா பக்கத்துல இருக்கிற செர்ன் ஆய்வுக்கூடம், தன்னோட துகள் மோதல் டேட்டாவில் ஒரு பகுதியை 2014-லிருந்து யார் வேணும்னாலும் எடுத்துப் பார்க்கலாம்னு இணையத்தில் திறந்து வெச்சிருக்கு. அதை இறக்கி, அலசி, ஒரு கிராஃப் போடணும். கிராஃப்ல ஒரு இடத்துல மேடு தெரியணும். தெரிஞ்சா ஒரு துகளை நாங்களே கண்டுபிடிச்ச மாதிரி! வெள்ளிக்கிழமை காலையில் ரிவ்யூ. புதன் காலைல லேப்ல டவுன்லோடு போட்டோம். சாயங்காலம் நாலரைக்கு, அறுபத்து மூணு சதவீதத்துல அப்படியே நின்னுடுச்சு.

"பயப்படாதீங்கடா, நம்மகிட்ட ரெண்டு லைன் இருக்கு"ன்னார் லேப் சார். ரெண்டும் வேற வேற கம்பெனி. ஒண்ணு போனா இன்னொண்ணு தானா எடுத்துக்கும். அதுக்காகத்தான் மாசாமாசம் ரெண்டு பில் கட்டறாங்க. காத்திருந்தோம். எடுத்துக்கலை. ரெண்டு லைனும் ஒரே நேரத்துல அவுட்!

வெளியே வந்து பார்த்தா, காலேஜ் வாசல்லேர்ந்து கூப்பிடு தூரத்துல ஒரு சின்னப் பாலம். அங்கே குடிதண்ணிக் குழாய் பதிக்க ஜே.சி.பி. தோண்டிட்டு இருக்கு. பக்கெட்டோட பல்லுல ரெண்டு கறுப்பு கேபிள் மாட்டித் தொங்குது. ரெண்டு கம்பெனி, ரெண்டு பில்... ஒரே குழி!

சரிபண்ண ரெண்டு நாள் ஆச்சு. வெள்ளிக்கிழமை பாதி டேட்டாவோட போய் நின்னோம். கிராஃப்ல வரவேண்டிய மேடு வரவே இல்ல. "அடுத்த வாரம் முழுசா முடிச்சுட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. மார்க்குல எவ்வளவு குறையும்னு இன்னும் தெரியலை.

பூட்டுக்கடைப் பெரியவர்

அந்தக் கடுப்புல இருக்கும்போதுதான், பூட்டு வாங்க நானும் என் ரூம்மேட்டும் டவுனுக்குப் போனோம். ஹாஸ்டல் ரூம் கதவுக்குப் பூட்டு மாத்தணும். திண்டுக்கல்லுக்கு வந்துட்டு வெளியூர்ப் பூட்டு வாங்கினா சாமி கண்ணைக் குத்தாதா?

நாகல் நகர் பக்கம் போனீங்கன்னா அரம் போடற சத்தத்தை இப்பவும் கேட்கலாம். மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டுன்னு விதவிதமா கையாலேயே செய்வாங்க. 2019-ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. ஆனா மிஷின்ல செஞ்ச மலிவுப் பூட்டு சந்தையை நிரப்பிட்டதால, இந்தத் தொழில்ல கை வைக்கிற இளவட்டம் குறைஞ்சுபோச்சு.

"ரெண்டு பூட்டு குடுங்கய்யா. டபுள் சேஃப்டி!"ன்னு கெத்தா கேட்டேன்.

கடைப் பெரியவர் கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டார். "கதவுல நாதாங்கி எத்தனை தம்பி?"

"ஒண்ணுதான்யா."

"அப்ப ஒரு பூட்டு போதும். நீங்க ரெண்டு போட்டாலும் நாலு போட்டாலும் திருடன் பூட்டையா உடைக்கப் போறான்? நாதாங்கியை நெம்புவான். எல்லாப் பூட்டும் சேர்ந்து கையோட வந்துரும்."

நானும் ரூம்மேட்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். மூணு நாளா மண்டையைக் குடைஞ்ச ஜே.சி.பி. மேட்டரை மனுஷன் ஒரே வரியில முடிச்சுட்டார்! எங்க காலேஜுக்கு ரெண்டு பூட்டு இருந்துச்சு. நாதாங்கி ஒண்ணுதான். அது அந்தச் சின்னப் பாலம்.

"அப்ப நம்ம ஊருக்கு நாதாங்கி எங்கே இருக்கு மாப்ள?"ன்னான் ரூம்மேட். ஞாயித்துக்கிழமை காலைல அதைத் தேடித்தான் கிளம்பினோம்.

மலைக்கோட்டை உச்சியில்

தேடறதுக்குச் சரியான இடம் மலைக்கோட்டை. 1605-ல மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் கட்ட ஆரம்பிச்சது. அப்புறம் ஹைதர் அலி, திப்பு சுல்தான், 1790-ல வெள்ளைக்காரன்னு கை மாறிட்டே போச்சு. இந்த ஒத்தைப் பாறைக்காக ஏன் இத்தனை பேர் அடிச்சுக்கிட்டாங்க? மேலே ஏறி நின்னு பாருங்க, புரியும்.

காலைல சீக்கிரமே போயிடுங்க. பத்து மணிக்கு மேல பாறை தோசைக்கல் ஆயிடும். உச்சியில நின்னு சுத்திப் பார்த்தா சமவெளி தட்டு மாதிரி விரிஞ்சு கிடக்கும். வடக்கே திருச்சிக்கு ஒரு தண்டவாளம், கரூருக்கு ஒண்ணு. மேற்கே பழனி வழியா பொள்ளாச்சிக்கு ஒண்ணு. தெற்கே மதுரைக்கு. ரோடும் அப்படித்தான், நாலாபக்கமும் கிளை பிரியும். ஸ்ரீநகர்ல கிளம்பற 44-ம் நம்பர் நெடுஞ்சாலை கன்னியாகுமரி போற வழியில இங்கே வந்துட்டுத்தான் போகுது.

இப்ப தெற்கே மட்டும் பாருங்க. இடது கைப்பக்கம் சிறுமலை. வலது கைப்பக்கம் பழனி மலைத்தொடர். நடுவுல ஒரு இடைவெளி. வடக்கேயிருந்து மதுரைக்குப் போற படை, வண்டி, ரயில் எல்லாம் அந்தச் சந்துக்குள்ள நுழைஞ்சுதான் போகணும். கோட்டை கட்டினவங்க முட்டாள் இல்ல பாஸ்! நாதாங்கியைப் பார்த்த மாதிரிதான் உட்கார்ந்திருக்காங்க.

அம்பாத்துரையில் நில்லுங்க

பைக்கை எடுத்துக்கிட்டு அந்தச் சந்துக்குள்ள போனோம். டவுனைத் தாண்டிக் கொஞ்ச நேரத்துல அம்பாத்துரை. இந்தப் பக்கம் காந்திகிராமம், அதுக்குப் பக்கத்துல சுங்குடி சேலைக்குப் பேர்போன சின்னாளபட்டி. வண்டியை ஓரங்கட்டிட்டு சும்மா நின்னு பாருங்க. நாலுவழிச் சாலை போகுது. அதை ஒட்டினாப்ல சென்னை - கன்னியாகுமரி ரயில் பாதை போகுது. ரோட்டோரத்துல அங்கங்கே முட்டியளவுக் கல் நட்டு, 'ஓ.எஃப்.சி.'ன்னு எழுதியிருக்கும். கண்ணாடி இழைக் கேபிள் கீழே ஓடுதுன்னு அர்த்தம். தண்டவாளத்து ஓரமாவும் கேபிள் போகும். ரயில் பாதையோரமா கேபிள் பதிச்சு வியாபாரம் பண்றதுக்குன்னே 2000-ல ரெயில்டெல்னு ஒரு அரசு நிறுவனத்தை ஆரம்பிச்சாங்க.

காகிதத்துல பார்த்தா ரோட்டுக் கேபிள் ஒரு கம்பெனி, ரயில் கேபிள் இன்னொரு கம்பெனி. ஆனா இந்தக் கணவாய்ல ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்? சில இடத்துல நீங்க ரோட்டுல நின்னுக்கிட்டு ரயில்ல போறவங்களுக்கு டாட்டா காட்டலாம். ஒரு பெரிய வெள்ளம் வந்தா ரெண்டுக்கும் ஒரே கதிதான்.

இனிமேதான் கடலுக்குப் போகப்போறோம், கெட்டியாப் பிடிச்சுக்குங்க! அம்பாத்துரை மாதிரி சந்து உலகத்துலயும் இருக்கு. இந்தியாவுலேர்ந்து ஐரோப்பாவுக்குப் போற கடலடிக் கேபிள்கள் பெரும்பாலும் அரபிக்கடல் வழியா போய், செங்கடலுக்குள்ள நுழைஞ்சு, எகிப்தைத் தரைவழியா தாண்டி, மத்தியதரைக் கடல்ல இறங்குது. ஆழ்கடல்ல கிடக்கிற கேபிளோட தடிமன் எவ்வளவு தெரியுமா? வீட்டுத் தோட்டத்துல தண்ணி விடற ஹோஸ் பைப் அளவுதான். உள்ளே தலைமுடி கனத்துல கண்ணாடி இழை. உலகம் முழுக்க வருஷத்துக்கு 150-லிருந்து 200 தடவை எங்கேயாவது ஒரு கேபிள் பழுதாகுது. அதுல முக்கால்வாசிக்குக் காரணம் சுறாவும் இல்ல, சதியும் இல்ல. மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும்தான். கடல்ல ஓடற ஜே.சி.பி.ன்னு வெச்சுக்குங்களேன்!

2008 ஜனவரி 30. அலெக்சாண்ட்ரியா பக்கத்துல சீ-மீ-வீ 4, ஃபிளாக்னு ரெண்டு கேபிள் அடுத்தடுத்து அறுந்தது. ரெண்டும் வேற வேற முதலாளிகளோடது. ஆனா கிடந்தது ஒரே கடல்பரப்புல. இந்தியாவோட வெளிநாட்டு இணைப்புல பாதியளவு போச்சுன்னு அப்போ இணையசேவை நிறுவனங்களோட சங்கம் சொன்னது. பழுது பார்த்து ஒரு வருஷம்கூட ஆகலை, அதே டிசம்பர்ல சிசிலிக்கும் எகிப்துக்கும் நடுவுல மறுபடி அதே ரெண்டும், கூடவே சீ-மீ-வீ 3-ம் அறுந்தது. மூணு பூட்டு, ஒரே நாதாங்கி!

கிழக்கே பார்த்தாலும் இதே கதைதான். சென்னையிலேர்ந்து சிங்கப்பூருக்கு 2002-ல ஐ2ஐ, 2004-ல டாடா இண்டிகாம் கேபிள்னு போட்டாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, தந்தி காலத்துலயே, 1870-71-ல, மெட்ராஸ் - பினாங்கு - சிங்கப்பூர் கேபிள் போட்டாச்சு. நூத்தைம்பது வருஷமா அதே மலாக்கா பக்கம்தான். சிங்கப்பூரைத் தாண்டிக் கிழக்கே போனா தைவானுக்குத் தெற்கே இன்னொரு சந்து. 2006 டிசம்பர் 26-ல அங்கே பூகம்பம் வந்து, கடலடி மண்சரிவுல ஒன்பது கேபிள் அறுந்தது. 11 கப்பல்கள் 49 நாள் வேலை செஞ்சுதான் எல்லாத்தையும் ஒட்ட வெச்சாங்க.

பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2024 பிப்ரவரியில செங்கடல்ல ஏவுகணை தாக்கின ரூபிமார்ங்கற கப்பலோட நங்கூரம் இழுபட்டு மூணு கேபிளை அறுத்தது. 2025 செப்டம்பர்ல ஜெட்டா பக்கத்துல சீ-மீ-வீ 4, ஐ.எம்.இ.டபிள்யூ.இ. ரெண்டும் அறுந்து நம்ம நாட்டிலும் நெட் நொண்டியடிச்சது.

கொடை ரோடு டீக்கடையில்

அடுத்து கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன். வெளியே டீ குடிச்சுக்கிட்டே மேற்கே பார்த்தோம். மலைக்கு மேல மேகம். அந்த மேகத்துக்கு மேல எங்க மாவட்டத்தோட பெருமை ஒண்ணு இருக்கு. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம், 1899-ல தொடங்கினது. 1909-ல எவர்ஷெட் இங்கேதான் சூரியப் புள்ளிகள்ல வாயு வெளிப்பக்கமா ஓடறதைக் கண்டுபிடிச்சார். 'எவர்ஷெட் விளைவு'ன்னு உலகம் பூரா இன்னிக்கும் பாடத்துல இருக்கு. 1904-லிருந்து சூரியனைப் படம் எடுத்த கண்ணாடித் தகடுகளை பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் டிஜிட்டலா மாத்தியிருக்கு. நூறு வருஷ சூரியன்! வெளிநாட்டுல ஒரு ஆராய்ச்சியாளர் அதைக் கேட்டா, அது கடல் தாண்டித்தான் போகணும்.

இங்கேதான் ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். ஆராய்ச்சிக்காரங்களுக்குன்னு தனி நெட்வொர்க் இருக்கு. நம்ம நாட்டுல 1986-ல எட்டு நிறுவனங்களோட எர்நெட் ஆரம்பிச்சது. 2010 மார்ச்சுல 5,990 கோடி ரூபாய்ல தேசிய அறிவு வலையமைப்புக்கு, அதாவது என்.கே.என்.னுக்கு, மத்திய அரசு ஓகே சொன்னது. பி.எஸ்.என்.எல்., ரெயில்டெல், பவர்கிரிட்னு மூணு பேர்கிட்டயும் லைன் வாங்கி அதைக் கட்டினாங்க. கவனிச்சீங்களா? ரோட்டோரம், தண்டவாளத்தோரம், மின்கோபுரத்து உச்சி. வழியே வேற வேற!

நாம ரீல்ஸ் பார்க்கும்போது நெட் அறுந்தா ரெண்டு திட்டு திட்டிட்டுத் தூங்கப் போயிடுவோம். ஆனா மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்துலயும் கொல்கத்தாவுலயும் இருக்கிற கம்ப்யூட்டர் மையங்கள் செர்ன் டேட்டாவை ராப்பகலா வாங்கி அலசுது. ஒரு வாரம் லைன் இல்லைன்னா குவியற டேட்டாவை அப்புறம் இழுத்து முடிக்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். சின்னதா ஒரு டவுன்லோடு நின்னதுக்கே எங்க நாலு பேர் கதி என்ன ஆச்சுன்னு பார்த்தீங்களே!

சரி, அவங்களே சொந்தமா நாலு கேபிள் போட்டுக்கிட்டா? ஒரு பெருங்கடல் கேபிளுக்குப் பல நூறு கோடி ரூபாய் வேணும். அதனால அவங்க மத்தவங்க கேபிள்ல ஒரே ஒரு நிறத்து ஒளியை வாடகைக்கு எடுக்கறாங்க. ஒரு இழையில பல நிறத்து ஒளியை அனுப்பலாம், அதுல உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ஒரு நாட்டு நெட்வொர்க்கால ஒரு லைன் வாங்க முடியும், ரெண்டு வாங்க முடியும். நாலு வேணும்னா? பக்கத்து வீட்டுக்காரரோட பேசித்தான் ஆகணும்.

நத்தம் வழியா ரிட்டர்ன்

மதுரை வரை போய், அங்கேயிருந்து வந்த வழியில திரும்பாம, நத்தம் ரோட்டைப் பிடிச்சோம். 2023-ல திறந்த ஏழு கிலோமீட்டர் நீளப் பறக்கும் பாலத்துல பறந்து இறங்கினா, கொஞ்ச நேரத்துல ஊர் மாறிடும். ரெண்டு பக்கமும் மாந்தோப்பு, புளியமரம். இப்ப சிறுமலை எங்களுக்கு இடது கைப்பக்கம். காலைல போகும்போதும் இடது கைப்பக்கம்தான் இருந்துச்சு. ஆமா பாஸ், மலையை முழுசா ஒரு சுத்து சுத்திட்டோம்!

இப்ப யோசிங்க. அம்பாத்துரை கணவாய் அடைச்சுப்போச்சுன்னா திண்டுக்கல்காரர் நத்தம் வழியா மதுரை போவார். நத்தம் ரோட்டுல மரம் விழுந்தா அம்பாத்துரை வழியா. நடுவுல ஒரு மலையே நிக்குது. ஒரே வெள்ளம், ஒரே ஜே.சி.பி. ரெண்டையும் சாய்க்க முடியாது. இதுதான் நிஜமான ரெண்டு வழி. ரெண்டு பெயர் இருந்தாப் போதாது, நடுவுல ஒரு மலை வேணும்.

ஆராய்ச்சி நெட்வொர்க்குகள் பண்றதும் இதையேதான், அதுவும் கூட்டு சேர்ந்து. 2013-ல அமெரிக்காவோட இன்டர்நெட்2, ஈ.எஸ்.நெட், கனடாவோட கனாரி, நார்டிக் நாடுகளோட நார்டுநெட், நெதர்லாந்தோட சர்ஃப்நெட், ஐரோப்பாவோட ஜேயான்னு ஆறு பேர் சேர்ந்து அட்லாண்டிக்கைத் தாண்டி ஒரு 100 கிகாபிட் லைன் போட்டாங்க. ஆராய்ச்சிக்குன்னு அந்த வேகத்துல அட்லாண்டிக்ல போட்ட முதல் லைன் அதுதான். அதுலேர்ந்து ஒரு பழக்கம் வளர்ந்தது. ஆளுக்கொரு லைன் வாங்குவோம், ஆனா வேற வேற கேபிள்ல வாங்குவோம், ஒருத்தர் லைன் அறுந்தா மத்தவர் தூக்கிச் சுமப்போம். 2014 டிசம்பர்ல ஈ.எஸ்.நெட் தனியாவும் நாலு லைன் போட்டது. மொத்தம் 340 கிகாபிட். நாலும் வேணும்னே வெவ்வேறு கடல் பாதை.

நம்ம பக்கம்? 2019-ல ஆஸ்திரேலியாவோட ஆர்நெட், சிங்கப்பூரோட சிங்கேரன், ஆசிய நாடுகளை இணைக்கிற டெய்ன் மையம், அப்புறம் ஜேயான், நார்டுநெட், சர்ஃப்நெட்னு ஆறு பேர் கைகோத்து சிங்கப்பூர் - லண்டன் 100 கிகாபிட் லைன் ஒண்ணை எடுத்தாங்க. ஆசிய - ஐரோப்பிய லைன் வெச்சிருக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் மாற்று வழி தர்றதுக்கு ஒரு வளையமே அமைச்சிருக்காங்க. சிறுமலையைச் சுத்தி நாங்க போட்ட ரவுண்டு மாதிரி! தென் அமெரிக்கா கதை இன்னும் சுவாரசியம். அங்கேயிருந்து ஐரோப்பாவுக்குப் போற டேட்டா பெரும்பாலும் அமெரிக்காவைச் சுத்திட்டுத்தான் போச்சு. 2021-ல பிரேசில் - போர்ச்சுகல் நேரடிக் கேபிளான எல்லாலிங்க் வந்தப்போ, அதுல ரெண்டு கண்டத்து ஆராய்ச்சி நெட்வொர்க்குகளும் முன்கூட்டியே பணம் போட்டுப் பங்கு வாங்கியிருந்தாங்க.

மாத்து வழிக்கு ஒரு விலை உண்டு. நத்தம் வழி கொஞ்சம் சுத்து. கண்ணாடி இழையில ஒளி செகண்டுக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலா சுத்தினா, போய்த் திரும்ப பத்து மில்லி செகண்ட் கூடும். செங்கடல் அடைச்சு, இந்தியாவுலேர்ந்து சிங்கப்பூர், பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக்னு உலகத்தையே சுத்தி ஐரோப்பா போனா கேமிங் ஆடறவங்க கதறுவீங்க. ஆனா டவுன்லோடு நிக்காது.

டவுனுக்குள்ள நுழையும்போது

இத்தனையும் பேசிக்கிட்டே திண்டுக்கல் டவுனுக்குள்ள நுழைஞ்சோம். அப்பத்தான் ரூம்மேட் ஒரு குண்டைப் போட்டான். "மாப்ள, நத்தம் ரோடும் மதுரை ரோடும் வேற வேறதான். ஆனா ரெண்டும் வந்து சேர்றது இந்த டிராஃபிக்லதானே?"

சரியான கேள்வி! நடுக்கடல்ல ஆயிரம் கிலோமீட்டர் விலகிப் போன ரெண்டு கேபிள், கரைக்கு வரும்போது ஒண்ணா வந்து நின்னா என்ன பிரயோஜனம்? 2023-ல டிராய் சொன்ன கணக்குப்படி இந்தியாவுக்கு 17 சர்வதேசக் கேபிள், 14 தரையிறங்கு நிலையம். அவ்வளவும் மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம்னு அஞ்சே ஊர்கள்ல. அதிலும் மும்பையில பல கேபிள்கள் வெர்சோவா கடற்கரைப் பக்கம்தான் கரையேறுது. இங்கேயிருந்து கிளம்பும்போதே ஒரு சின்ன வாசல்!

இன்னொரு சிக்கலும் இருக்கு. வாடகை லைன் வாங்கும்போது வேற வேற கேபிள்னு எழுதிக் குடுப்பாங்க. ஆறு மாசம் கழிச்சு ஏதோ பழுதுன்னு கம்பெனிக்காரங்க உங்க லைனைத் தூக்கி வேற கேபிள்ல போடுவாங்க. அது உங்க ரெண்டாவது லைன் போற அதே கேபிளா இருந்தா? பில்லுல எந்த வித்தியாசமும் தெரியாது. 'டிரேஸ்ரூட்' போட்டுப் பார்த்தாலும் நடுவுல இருக்கிற ரூட்டர் பெட்டிகள்தான் தெரியும், மண்ணும் கடலும் தெரியாது. அதனாலதான் ஒத்துழைப்புங்கறது ஒருநாள் கையெழுத்தோட முடியற விஷயம் இல்ல. உன் லைன் எந்தக் கேபிள், எந்தக் கரை, எந்தக் கட்டடம், உனக்கு என்னிக்குப் பராமரிப்பு வேலை, எனக்கு என்னிக்குன்னு வரைபடத்தை மேஜைமேல வெச்சுக்கிட்டு, போட்டியாளருங்ககிட்டயும் மறைக்காம, அடிக்கடி பேசிட்டே இருக்கணும்.

திங்கட்கிழமை லேப் சார்கிட்ட போனோம். "சார், நம்ம ரெண்டு லைனும் எந்த வழியா வருதுன்னு மேப் இருக்கா?" அவர் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். "இத்தனை வருஷமா ஸ்பீடு எவ்வளவுன்னுதான்டா கேட்டிருக்கேன்"ன்னார். அன்னிக்கே ரெண்டு கம்பெனிக்கும் லெட்டர் எழுதினார். ஒண்ணு மேப் அனுப்பிடுச்சு. இன்னொண்ணு இன்னும் அனுப்பலை. பின்பக்கத்து கேட் வழியா ஒரு லைனைக் கொண்டுவர முடியுமான்னு பேச்சு போயிட்டிருக்கு. செலவு யார் தலையிலங்கறதுதான் பாக்கி.

நீங்களும் உங்க காலேஜ்ல ஒருநாள் கேட்டுப் பாருங்க. எத்தனை லைன்னு கேட்காதீங்க, அதுக்கு எல்லாரும் பெருமையா பதில் சொல்வாங்க. ரெண்டும் எந்த வாசல் வழியா உள்ளே வருது, எந்தப் பாலத்தைத் தாண்டுது, எந்த ரூம்ல முடியுதுன்னு கேளுங்க. பதில் தெரியலைன்னா சாயங்காலம் கேபிள் போற வழியே ஒரு நடை நடந்து பாருங்க. செலவு, ரெண்டு டீ.

அந்தப் பூட்டு என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்களா? ஒரே ஒரு மாங்காய்ப் பூட்டு வாங்கினோம். மிச்சம் இருந்த காசுல கதவுக்குக் கீழே இன்னொரு நாதாங்கி அடிச்சோம். மறுநாள் சாவி தொலைஞ்சது தனிக் கதை!